இரண்டு ஆசான்கள், ஒரு சிறு புத்தகம்

துன்பப்பட்டு மீண்டவர்கள் மற்றவர்களுக்கு வாழ வழி சொல்லுவது உலகத்தில் பழைய வழக்கம். இப்போது அது ஓர் உத்தியோகமாகவே ஆகியிருக்கிறது. 'வாழ்க்கைப் பயிற்சியாளர்', 'தலைமைப் பயிற்சியாளர்' என்றெல்லாம் பட்டம் போட்டுக்கொள்கிறார்கள். பெரிய ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் நடக்கிறது. மேடை ஏறுகிறவர் முதலில் தாம் பட்ட கஷ்டத்தைச் சொல்லுகிறார். வியாபாரம் நொடித்துப்போனது, நோயில் படுத்தது, உற்றார் கைவிட்டது எல்லாம் வரிசையாக வருகின்றன. கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். "நான் எழுந்து நின்றேன், நீங்களும் நிற்கலாம்" என்று அவர் முடிக்கும்போது மண்டபம் அதிரக் கைதட்டல் எழுகிறது.

இதைப் பரிகாசம் செய்ய நான் வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவன் சொல்லுவதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு ஒரு சந்தேகம். துன்பத்தைக் கதையாகச் சொன்னால் கேட்பவர் அழுவார்; அது எங்கள் தொழிலின் பாலபாடம். அழுதவர் மறுநாள் காலையில் தம் வீட்டுக் கடன்காரனையோ, தம் உடம்பின் நோயையோ எதிர்கொள்ளும்போது அந்தக் கண்ணீரால் என்ன உபயோகம்? பட்ட துன்பம் ஒரு மனிதனை எப்போது பிறருக்கு ஆசானாக ஆக்குகிறது?

சரித்திரத்தில் இதற்கு விடை தேடிப் போனால் இரண்டு பேர் எதிரே வருகிறார்கள். இருவருக்கும் கால் ஊனம். இருவரும் பிறருடைய பிடியில் கிடந்து மீண்டவர்கள். இருவரும் ஆளப் பிறந்தவர்களுக்கு, அதிகாரம் வகிக்கப் போகிறவர்களுக்குப் பாடம் சொன்னவர்கள். முதல்வருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஏறக்குறைய பத்தொன்பது நூற்றாண்டுகள். நடுவே ஒரு சின்னஞ்சிறு புத்தகம்.

*

இன்றைய துருக்கியில் பமுக்கலே என்று ஓர் இடம் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுக்களும் பஞ்சுப் பொதி போன்ற வெண்பாறைகளும் பார்க்க ஆட்கள் போகிறார்கள். அங்கே பழைய காலத்தில் ஹீராபோலிஸ் என்னும் நகரம் இருந்தது. கி.பி. 50-ஐ ஒட்டி அந்த ஊரில் ஓர் அடிமைக் குழந்தை பிறந்தது. எபிக்டீடஸ் என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு 'சம்பாதிக்கப்பட்டது' என்று அர்த்தம். ஆடு மாடு நிலம் வாங்குவதுபோல் சேர்த்த சொத்து என்று பொருள்படும் பெயரைத்தான் அவர் கடைசி வரையில் சுமந்தார்.

ரோமாபுரியில் அவருக்கு எஜமானன் எபாப்ரோடிட்டஸ் என்பவன். அவனும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவன். விடுதலை பெற்று, நீரோ சக்கரவர்த்தியின் காரியதரிசியாக உயர்ந்தவன். கி.பி. 68-ல் நீரோ ஊரை விட்டு ஓடி, தன் கழுத்தில் தானே கத்தியைச் செலுத்தத் துணிந்தபோது, நடுங்கிய அந்தக் கைக்கு உதவியவன் இவன்தான். பிற்காலத்தில் டொமீஷியன் அதையே குற்றமாகச் சொல்லி இவனைக் கொல்லுவித்தான். இப்படிப்பட்ட வீட்டில்தான் எபிக்டீடஸ் வளர்ந்தார்.

அவருடைய கால் ஊனத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லுகிறார்கள். எஜமானன் விளையாட்டாகக் காலை முறுக்கினானாம். "ஒடிந்துவிடும்" என்று இவர் அமைதியாகச் சொன்னாராம். ஒடிந்ததும், "சொன்னேன் அல்லவா?" என்றாராம். இது ஒரு கதை. சிறு வயதில் வந்த வாத நோயினால் ஏற்பட்டது என்பது இன்னொரு செய்தி. எது மெய்யானாலும், இதில் கவனிக்கவேண்டியது வேறு. சீடர்கள் எழுதிவைத்த அவருடைய பேச்சில் அந்தக் காலின் கதையே இல்லை. தம்மை நொண்டிக் கிழவன் என்று ஓரிடத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடவுளைத் துதிக்கும் பேச்சுக்குப் போய்விடுகிறார். அவ்வளவுதான்.

அடிமையாக இருந்தபோதே அவருக்கு முஸோனியஸ் ரூபஸ் என்ற தத்துவ ஆசிரியரிடம் பாடம் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. பிறகு விடுதலையும் கிடைத்தது. ரோமாபுரியில் தாமும் போதிக்கத் தொடங்கினார். கி.பி. 90-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டொமீஷியன் தத்துவம் பேசுகிறவர்களையெல்லாம் ஊரை விட்டுத் துரத்தினான். கொடுங்கோலனுக்குத் தத்துவ வாத்தியார்களைக் கண்டால் எப்போதும் ஆகாது. எபிக்டீடஸ் கடல் கடந்து, கிரேக்க தேசத்தின் மேற்குக் கரையில் நிக்கபோலிஸ் என்னும் ஊரில் போய்த் தங்கினார். அகஸ்டஸ் தன் வெற்றியின் நினைவாகக் கட்டிய ஊர் அது. ரோமாபுரிக்கும் கிரேக்க நாட்டுக்கும் போய்வருகிறவர்கள் இறங்கி ஏறும் துறை. அங்கே ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள் யார்? அடிமைகளும் அநாதைகளும் அல்லர். பெரிய வீட்டுப் பிள்ளைகள். நாளைக்கு மாகாணங்களை ஆளப் போகிறவர்கள். நேற்றுவரை சந்தையில் விலைபோகக்கூடிய மனிதராக இருந்தவரிடம், மனிதர்களை விலைக்கு வாங்குகிற குடும்பத்துப் பிள்ளைகள் வந்து கை கட்டி உட்கார்ந்தார்கள்.

*

இந்த இடத்தில் என்னைப் போன்ற ஒரு கதாசிரியன் என்ன செய்திருப்பான்? முதல் நாள் பாடத்திலேயே அடிமை வாழ்வின் கொடுமையை வருணித்து, பெரிய வீட்டுப் பிள்ளைகளைக் கதறவைத்திருப்பான். எபிக்டீடஸ் அதைச் செய்யவில்லை. எஜமானன் வீட்டை அவர் நினைவுகூர்ந்தது உண்டு. ஆனால் என்ன நினைவுகூர்ந்தார் என்று பாருங்கள்.

அந்த வீட்டில் பெலிஸியோ என்று ஒரு செருப்புத் தைக்கும் அடிமை இருந்தான். வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று எபாப்ரோடிட்டஸ் அவனை விற்றுவிட்டான். அதிர்ஷ்டம் பாருங்கள், அரண்மனையைச் சேர்ந்த ஒருவர் அவனை வாங்கிவிட்டார். பெலிஸியோ இப்போது சக்கரவர்த்திக்கே செருப்புத் தைக்கிறவன்! அன்றிலிருந்து எபாப்ரோடிட்டஸ் அவனிடம் காட்டிய மரியாதையைச் சொல்லி முடியாது. ஐயா சௌக்கியமா என்று விசாரிப்பு என்ன, உபசாரம் என்ன! யாராவது எஜமானனைத் தேடி வந்தால், "உள்ளே பெலிஸியோவுடன் ஆலோசனையில் இருக்கிறார்" என்று பதில் வருமாம்.

இன்னொரு நாள் ஒரு பெரிய மனிதர் வந்து எபாப்ரோடிட்டஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாராம். எல்லாம் போய்விட்டது, பதினைந்து லட்சம்தான் மிச்சம் என்று! இதைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு. எபிக்டீடஸ் கேட்டார்: உங்களைப்போல் அவன் சிரித்தான் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை; ஐயோ பாவம், இவ்வளவு நாள் எப்படி வாயைத் திறக்காமல் பொறுத்தீர் என்று அதிசயித்துப்போனான் என்றார்.

அடிமை வீட்டிலிருந்து அவர் வகுப்புக்குக் கொண்டுவந்த சரக்கு இதுதான். கேட்கிற பிள்ளைகள் நாளைக்கு அரண்மனை வாசலில் நிற்கப் போகிறவர்கள். பதவிக்கு அஞ்சி, பணத்துக்கு அஞ்சிச் செருப்புத் தைக்கிறவன் காலில் விழ வேண்டிய நிலை அவர்களுக்குத்தான் வரப் போகிறது. ஆகையால் அவர் தம்முடைய ரணத்தைக் காட்டாமல், அவர்களுக்கு வரப் போகிற நோயைக் காட்டினார். எஜமானனைப் பார்த்துப் பார்த்து அடிமைக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது: தன்னைவிடப் பெரிய அடிமை மேலே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்பது.

அவருடைய போதனையின் வேர் மிகச் சிறியது. உலகத்தில் சில காரியங்கள் நம் கையில் உள்ளவை. சில நம் கையில் இல்லாதவை. நம் எண்ணம், விருப்பு, வெறுப்பு, முயற்சி இவை நம்முடையவை. உடம்பு, சொத்து, பதவி, பேர் ஆகியவை நம்முடையவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவன் அழுவான், பிறரைத் திட்டுவான். பிரித்துத் தெரிந்துகொண்டவனை யாரும் அடிமைப்படுத்த முடியாது. இதை அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை, தினந்தோறும் பழக்கினார். தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொன்றையும், இது என் கையில் உள்ளதா, இல்லாததா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

அந்தக் காலத்திலும் மேடைப் பிரசங்கிகள் இருந்தார்கள். வீடு வீடாக அழைப்பு அனுப்பிக் கூட்டம் சேர்த்து, பேசி முடித்ததும் எப்படிப் பேசினேன் என்று கேட்டுத் திரிந்தார்கள். எபிக்டீடஸுக்கு அவர்கள்மேல் ஏளனம். வைத்தியன் நோயாளிகளுக்கு அழைப்பு அனுப்புவது உண்டா என்று கேட்டவர், ரோமாபுரியில் இப்போது வைத்தியர்களும் அப்படிச் செய்வதாகக் கேள்வி என்று ஒரு குத்தும் வைத்தார். தத்துவப் பள்ளிக்கூடம் ஒரு வைத்தியசாலை. அங்கிருந்து இன்பமாக வெளியே வரக்கூடாது, வலியோடுதான் வரவேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவன் குருவின் பேச்சைப் பேச்சாகவே குறித்துவைத்தான். வகுப்பில் எழுந்த சிரிப்புக்கூட அதில் பதிந்திருக்கிறது. எட்டுப் புத்தகங்களில் நான்கு மிஞ்சின. அவற்றின் சாரத்தைச் சுருக்கி ஒரு கையடக்க நூலும் செய்தான். இந்த அர்ரியன் பிற்காலத்தில் கப்படோஷியா மாகாணத்துக்கு அதிபதியாகி, கி.பி. 135-ல் படையெடுத்து வந்த ஆலன் கூட்டத்தாரைத் தடுத்து நிறுத்தினான். அலெக்ஸாந்தரின் சரித்திரத்தை எழுதி, நம் போரஸ் மன்னனின் போர்க்களத்தை நமக்குக் காட்டியவனும் இவனே. எபிக்டீடஸின் பேச்சைப் படிக்கக் கொடுத்ததற்காக ரஸ்டிக்கஸ் என்ற ஆசிரியருக்கு மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தி தம் குறிப்பில் நன்றி எழுதிவைத்திருக்கிறார். அடிமையின் பாடம் சிங்காதனம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

*

அந்தக் கையடக்க நூல் நூற்றாண்டுகளைத் தாண்டிக் கை மாறிக் கை மாறி வந்து, 1962-ல் அமெரிக்காவில் ஒரு கடற்படை விமானியின் கைக்குக் கிடைத்தது. ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்பது அவர் பெயர். அரசாங்கம் அவரை ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்கு மேற்படிப்புக்கு அனுப்பியிருந்தது. அங்கே பிலிப் ரைன்லாண்டர் என்ற தத்துவ ஆசிரியர் விடைகொடுக்கும்போது இந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார். விமானம் ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு என்றுதான் அவருக்கு முதலில் தோன்றிற்று. ஆனாலும் போகிற கப்பலிலெல்லாம் அது படுக்கையருகே இருந்தது.

1964 ஆகஸ்டு 4-ஆம் தேதி இரவு, டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை வட வியட்நாமியப் படகுகள் தாக்கியதாகச் செய்தி பரவிற்று. அந்த இரவில் அங்கே மேலே பறந்தவர் ஸ்டாக்டேல். அவர் கண்ணுக்கு ஒரு படகும் தெரியவில்லை. கறுத்த கடல்தான் தெரிந்தது. மறுநாள் பதிலடித் தாக்குதலுக்கு அவரையே தலைமை தாங்கச் சொன்னார்கள், தாங்கினார். ஆகஸ்டு 7-ஆம் தேதி அமெரிக்கக் காங்கிரஸ், யுத்தம் நடத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இல்லாத தாக்குதலுக்காக ஒரு பெரும் யுத்தம் வளர்ந்தது.

1965 செப்டம்பர் 9-ஆம் தேதி அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். பாராசூட்டில் இறங்கும் அந்தச் சில நிமிஷத்தில், இனி இயந்திரங்கள் துணைக்கு வரமாட்டா, அந்த அடிமையின் உலகத்துக்குள்தான் நுழைகிறோம் என்று அவருக்குத் தோன்றியதாம். கீழே கிராமத்து ஜனங்கள் அவரை அடித்து நொறுக்கினார்கள். தங்கள் தலையில் குண்டு போட வந்தவனை அவர்கள் வேறு எப்படி வரவேற்பார்கள்? கால் போயிற்று. வாழ்நாள் முழுவதும் அந்தக் கால் மடங்கவே இல்லை.

ஹானாய் நகரத்து ஹோவா லோ சிறையில் அவரை அடைத்தார்கள். வியட்நாமிய தேசபக்தர்களை விலங்கிட்டு வைப்பதற்காகப் பிரெஞ்சுக்காரர் கட்டிய சிறை அது. ஏழரை ஆண்டு அவர் கைதியாக இருந்தார். அதில் நான்கு ஆண்டுக்கு மேல் தனிக்கொட்டடி. இரண்டு ஆண்டு காலில் விலங்கு.

சிறையில் அவர் கண்டது புத்தகத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். பிடிபட்டால் பெயர், பதவி, எண், பிறந்த தேதி இவற்றுக்குமேல் எதுவும் சொல்லக்கூடாது என்பது அமெரிக்கப் படையின் விதி. ஆனால் கயிற்றால் தோளை முறுக்கித் தலையைக் காலோடு சேர்த்து அழுத்தும்போது எந்த மனிதனும் சொல்லிவிடுவான். ஸ்டாக்டேலும் சொன்னார். அப்புறம் தனிக்கொட்டடிக்குத் திரும்பி வந்து, தான் ஒருவனே துரோகி, மற்றவர்களெல்லாம் வீரர்கள் என்று மறுகுவான் கைதி. வலி தரும் வேதனையைவிட அந்த வெட்கம் கொடியது. காவலர்களுக்கு வேண்டியதும் அதுதான். வெட்கப்பட்டவன் தனியாகிவிடுவான், தனியானவனை எப்படியும் வளைக்கலாம்.

சுவரின் மறுபக்கத்திலிருந்து தட்டும் ஓசை வரும். எழுத்துக்களை ஐந்துக்கு ஐந்து கட்டமாக வைத்து, வரிசைக்குச் சில தட்டு, இடத்துக்குச் சில தட்டு என்று ஒரு ரகசிய மொழி. அதன் வழியே ஒவ்வொருவனும் தான் ஒடிந்ததைச் சொன்னான். எல்லாரும் ஒடிந்தவர்களே என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பதவியில் மூத்தவர் என்ற முறையில் ஸ்டாக்டேல் சுவர் வழியாகவே கட்டளை பிறப்பித்தார். முடியாத வீரத்தை அவர் கேட்கவில்லை. பொது இடத்தில் தலை வணங்காதே, வானொலியில் பேசாதே, குற்றம் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளாதே, விடைபெறும்போது குழையாதே, எல்லாவற்றுக்கும் மேலாக, தனி ஒருவனைவிட எல்லாரும் சேர்ந்திருப்பது பெரிது. இவ்வளவே. இவற்றையும் சித்திரவதை செய்தே அவர்கள் பெறட்டும், சும்மா கொடுக்காதே. ஒடிந்தால் திரும்பி வந்து சொல். உன்னை நாங்கள் தள்ளமாட்டோம். நம் கையில் உள்ளது, இல்லாதது என்று எபிக்டீடஸ் போட்ட கோட்டை, கைதிகள் தாங்கக்கூடிய இடத்தில் அவர் மறுபடி போட்டார். அந்தக் கட்டளைக்குத் தாமும் கீழ்ப்பட்டார். 1969-ல் தம்மைப் பிரசாரப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், சவரக் கத்தியால் தலையைக் கீறி, முக்காலியால் முகத்தைச் சிதைத்துக்கொண்டார்.

அங்கே பொறுக்கமாட்டாமல் மாண்டவர்கள் யார் என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டார். நம்பிக்கை அதிகம் வைத்தவர்களே என்று பதில் வந்தது. கிறிஸ்துமஸுக்குள் வீடு போவோம் என்பார்கள், கிறிஸ்துமஸ் போய்விடும். ஈஸ்டர் என்பார்கள், அதுவும் போய்விடும். கடைசியில் மனம் உடைந்து மாள்வார்கள். முடிவில் நல்லது நடக்கும் என்ற உறுதியும் வேண்டும், இன்றைய நிலை எவ்வளவு கொடியது என்று பார்க்கும் கண்ணும் வேண்டும் என்றார் ஸ்டாக்டேல். 2001-ல் ஜிம் காலின்ஸ் வெளியிட்ட ஒரு வியாபாரப் புத்தகத்தின் மூலம் இந்தப் பேச்சு உலகமெங்கும் பரவி, இன்று தலைமைப் பயிற்சியாளர்கள் பலர் வாயில் புரள்கிறது.

*

1973 பிப்ரவரி 12-ஆம் தேதி அவருக்கு விடுதலை கிடைத்தது. 1976-ல் நாட்டின் மிக உயர்ந்த வீர விருது. 1977-ல் கடற்படையின் யுத்தக் கல்லூரிக்குத் தலைவரானார். உத்தியோகத்தில் உயரப் போகிற அதிகாரிகளுக்கு அவரே ஒரு பாடம் நடத்தினார். சிறைக் கதையைச் சொல்லியே ஆண்டு முழுவதும் ஓட்டியிருக்கலாம். கேட்க எல்லாரும் தயார். அவரோ யோபுவின் துன்பம், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், கான்ட், மில், கடைசியில் எபிக்டீடஸ் என்று படிக்கவைத்தார். தமக்குக் கை கொடுத்தது எதுவோ அதை மாணவர் கையில் கொடுத்தார்.

1992-ல் உபஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, தொலைக்காட்சி விவாத மேடையில், நான் யார், இங்கே ஏன் இருக்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொண்டு தொடங்கினார். சாக்ரடீஸ் கேட்டிருந்தால் தத்துவம். இவர் கேட்டதும் தேசமே சிரித்தது. நகைச்சுவை நடிகர்களுக்கு நல்ல தீனி கிடைத்தது. பேர் நம் கையில் உள்ளது அன்று என்ற பாடத்துக்கு இன்னொரு பரீட்சை. 2005-ல் காலமானார். கடைசி ஆண்டுகளில் மறதி நோய் அவரைப் பிடித்திருந்தது. மனம் ஒன்றுதான் நம்முடையது என்ற தத்துவத்தை விலங்கிலும் விடாத மனிதருக்கு அந்த மனமே நழுவிற்று. தத்துவத்தின் எல்லை அங்கே தெரிகிறது. அதை மறைப்பது நியாயமாகாது.

*

இந்த இருவரையும் வைத்துக்கொண்டு யோசித்தால், துன்பம் தானாக யாரையும் ஆசானாக்குவதில்லை என்று தெரிகிறது. எபாப்ரோடிட்டஸும் அடிமையாக இருந்தவன்தானே? அந்தத் துன்பம் அவனை இன்னொரு கொடிய எஜமானனாக்கிற்று. ஒரே துன்பம், ஒரே வீடு. மேல்மாடியில் ஒருவன் செருப்புத் தைக்கிறவனுக்கு உபசாரம் செய்கிறான், கீழே ஒருவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்.

ஆகவே மேடையில் நிற்கும் பயிற்சியாளரிடம் நாம் கேட்கவேண்டியவை இரண்டு. ஐயா, தங்கள் கதை முடிந்த பிறகு நான் வீட்டில் செய்து பார்க்க என்ன இருக்கிறது என்பது ஒன்று. நான் தோற்றுத் திரும்பி வந்தால் தாங்கள் என்னை என்ன சொல்வீர்கள் என்பது மற்றொன்று. 'நான் எழுந்தேன், நீயும் எழு' என்பவர், எழ முடியாதவன் நெஞ்சில் அந்தச் சிறைக் கைதியின் வெட்கத்தைத்தான் வைத்துவிட்டுப் போகிறார்.

நம் வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்ற அதிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று நினைத்துப் பார்க்கிறேன். துறவியின் பொறுமையைச் சொல்லும் அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலின் இருபத்தைந்து அதிகாரங்களுக்கும் கடைசியாக, அறுபத்துமூன்றாவது அதிகாரமாக வைத்தார். கல்வி, கேள்வி, செங்கோன்மை, சோம்பலின்மை எல்லாம் சொல்லிவிட்டு, ஆளுகிறவனுக்கு இறுதிப் பாடமாக இதைச் சொன்னார். நிக்கபோலிஸ் பள்ளிக்கூடத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கும், கடற்படைக் கல்லூரியில் அதிகாரிகளுக்கும் நடந்தது இந்தப் பாடந்தான். நடத்திய இருவரும் மேடையில் தங்கள் காலைக் காட்டிக் கைதட்டல் வாங்கவில்லை. சுவரின் மறுபக்கத்தில் ஒருவன் ஒடிந்து கிடக்கிறான் என்பதை மறக்காமல், அவனுக்குக் கேட்கும்படியாகத் தட்டினார்கள்.